ஞாயிறு ராத்திரிக்கு ஒரு ஏர் கிளீனர்

மேலுமலை ஏற்றத்தில் என் காரை முந்திப் போகாத வாகனம் கிடையாது. ஒருமுறை புளி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி முந்தியது. வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து எங்கள் பக்கம் காட்டிவிட்டுப் போனார். மரியாதைக்கா, அல்லது வேண்டுமானால் கட்டி இழுக்கிறேன் என்பதற்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அறுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. கிருஷ்ணகிரியில் எனக்கு மாங்காய் மண்டி. சீசன் இருக்கிற சில மாதங்கள் விடியும் முன்பே எழுந்து ஏலத்துக்கு ஓடுவேன். சீசன் முடிந்துவிட்டால், கடவுளே வந்து எழுப்பினாலும் ஏழு மணிக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவேன். மண்டியில் எனக்குக் கோமாளி என்று பெயர். நான் வாயைத் திறந்தால் மாங்காய் விலை இறங்கிவிடும் என்பார்கள். கார் ஒரு பழைய சின்ன வண்டி. பெங்களூரில் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய ஒரு துரையிடம் வாங்கியது. அவர் சாவியைக் கொடுக்கும்போது என் கையை ரொம்ப நேரம் குலுக்கினார். துக்க வீட்டில் குலுக்குகிற மாதிரி இருந்தது.

என் மனைவி டீச்சர். அந்த வருடம் ஜூனில் அவளுக்குத் தலைமையாசிரியை பதவி வந்தது, ஆனால் மேலுமலைக்கு அந்தப் பக்கம், ஓசூரில். வார நாட்களில் அங்கே இன்னொரு டீச்சருடன் ஒரு அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை வீட்டுக்கு வருவது என்று முடிவு செய்தோம். சிக்கல் திங்கட்கிழமையில் இருந்தது.

"ஒம்பதுக்கு பிரேயர். எச்.எம். முன்னால நிக்கணும்" என்றாள். "சேலத்துல இருந்து வர்ற காலை பஸ் நம்ம ஊருக்கு வர்றப்பவே ரொம்பி வழியுது, பாதி நாள் நிக்கறதே இல்ல. அதனால ஞாயித்துக்கெழம சாயந்திரமே நான் பஸ் ஏறிட்றேன்."

"நம்ம காரு எதுக்கு இருக்குது?"

"அதத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கறேன்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருவர் போனால் பாதி வீடு போய்விடும். வாரத்தில் சனி ராத்திரி ஒன்றுதான் மிச்சம் என்றால், ஒரு மனிதன் எப்படிக் குடும்பம் நடத்துவது? அதிலும் ஞாயிறு ராத்திரி என்பது எங்கள் வீட்டில் தனி ராத்திரி. அவள் பரீட்சைப் பேப்பர் திருத்துவாள், நான் எதிரே உட்கார்ந்து மண்டிக் கதை சொல்வேன். அவள் சிரிக்க மாட்டாள். ஊரே என் பேச்சுக்குச் சிரித்தது. சிரிக்காமல் இருப்பதற்கு வீட்டில் ஒருத்தி இருந்ததால்தான் நான் ஒழுங்காக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

"திங்கக்கெழம நாலரைக்கு எந்திரிச்சா, மெல்லமா நிறுத்தி நிறுத்திப் போனாக்கூட கார்லயே போயிரலாம்" என்றும் அவள் சொல்லிப் பார்த்தாள்.

"நாலரையா? ஏலத்துக்கே நான் அஞ்சுக்குத்தான் எந்திரிக்கறேன், அது ராத்திரிம்மா. அத யாரு காலையில சேத்தாங்க?"

அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. ஞாயிறு சாயந்திரம் பஸ் ஏறினாள். ஜூன் போனது, ஜூலை போனது. ஆகஸ்டில் நான் எதிரே ஆளில்லாமல் ஒரு கதையை முழுதாகச் சொல்லிவிட்டு நிறுத்தினேன். அன்றைக்குத்தான் இந்தக் காரை வேகமாக ஓட வைப்பது என்று தீர்மானம் செய்தேன்.

அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரே ஒரு திங்கக்கெழம பாக்கலாம். காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு. மணியடிக்கறதுக்குள்ள நான் கேட்டுக்குள்ள இருந்தா, அப்பறம் ஞாயித்துக்கெழம ராத்திரி நம்ம வீட்ல. இல்லீன்னா பஸ்ஸுதான். பேச்சு மாறக் கூடாது."

மெக்கானிக் மேஸ்திரி என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், போல்ட்டு கழலாவிட்டால் கன்னடம். பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்கு மேலே இருந்த கறுப்பு இரும்புச் சட்டியை ஸ்பானரால் தட்டினார். அதுதான் துரை காலத்து ஏர் கிளீனர். அடியில் எண்ணெய் இருக்கும். உள்ளே போகிற காற்று அந்த எண்ணெயைத் தொட்டுவிட்டுப் போகும், தூசி எண்ணெயோடு தங்கிவிடும்.

"சார், உங்க வண்டிக்கு மூச்சுப் பத்தலீங்க" என்றார்.

"ஆஸ்துமாவா?"

"மூக்கப் பொத்திக்கிட்டு ஓட்டப் பந்தயம் ஓடுனா எப்பிடிங்க? இந்தச் சட்டியத் தூக்கிக் கடாசுங்க. பெங்களூர்ல ரேஸ் வண்டிக்கு ஒண்ணு போடறாங்க பாருங்க, தெறந்த வாயி, அத வாங்கியாங்க. அப்பறம் மேலுமலை தானா குனிஞ்சு வழி விடும்."

மேஸ்திரி தன் வாழ்நாளில் ரேஸ் வண்டியைப் பார்த்தது ஒரு டயர் கம்பெனிக் காலண்டரில். எனக்கு அதுவும் தெரியும். ஆனால் நமக்குப் பிடித்ததைச் சொல்கிறவனிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

அடுத்த வாரம் பெங்களூர் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. "ஏனு பேக்கு சார்?" என்று கன்னடத்தில் கேட்ட கடைக்காரர், நான் என்ன வேண்டும் என்று யோசித்த விதத்தைப் பார்த்ததுமே தமிழுக்கு மாறிவிட்டார். மேஜைமேல் முதலில் ஒரு வட்டப் பெட்டியை வைத்தார். உள்ளே விசிறி மடிப்பாக மடித்த காகிதம்.

"இது பேப்பர் டைப். புதுசு. ஒரு பொட்டுத் தூசி உள்ள போகாது. ஆனா அடைச்சா மாத்தணும். உங்க ஊர்ல சிக்குதா?"

"எங்க ஊர்ல பேப்பர்னா சாயந்திரம் பஸ்ல வர்ற பேப்பர்தாங்க. அதுவே பாதி நாள் வராது."

"அப்ப பேடா சார், வேண்டாம். உங்க பழைய சட்டியே நல்லா கழுவி, எண்ணெ மாத்திப் போடுங்க. நடக்கும்."

"நடக்கும். ஓடாதே?"

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். எத்தனையோ பேரை இப்படிப் பார்த்திருப்பார். உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தட்டு. சுற்றிலும் கம்பி வலை, மேலே முகம் பார்க்கலாம் என்கிற பாலிஷ், அடியில் நாதஸ்வரத்தின் வாய் மாதிரி விரிந்த ஒரு குட்டிக் குழாய். வாசலில் நின்ற என் காரில் சட்டியைக் கழற்றிவிட்டு அதை மாட்டி, இன்ஜினை முடுக்கினார். ஒரு புலி வாய் கொப்பளிப்பது போலச் சத்தம் வந்தது. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாங்கியது அந்த இரண்டு பேரைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. மனிதன் காதாலோ கண்ணாலோ ஒரு பொருளை வாங்கிவிடுகிறான். பிறகுதான் அறிவைக் கூப்பிட்டு, நீயும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடு என்கிறான்.

"வலைக்கு லேசா எண்ணெ தடவணும் சார்" என்றார் கடைக்காரர். "எண்ணெதான் தூசி புடிக்கறது. மறக்க பேடா."

"எண்ணெ தடவுனா பளபளப்பு போயிடாதுங்களா?"

"பானெட்டுக்குள்ள யார் சார் வந்து பாக்கப் போறாங்க?"

அவருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. நான் அதை எல்லோருக்கும் காட்டுவதாக இருந்தேன்.

திரும்பி வரும்போது ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். அப்போது நம் பக்கம் மதுவிலக்கு, மைசூர்ப் பக்கம் கடை திறந்து கிடக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியும் போலீஸுக்கு ஒரு பாட்டிலாகத் தெரியும். மீசை நரைத்த ஒரு கான்ஸ்டபிள் பானெட்டைத் தட்டினார்.

"என்ன சார் இது சத்தம்?"

"காத்துங்க."

"காத்துக்கா இவ்ளோ சத்தம்?" பின் சீட்டில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்த பழைய சட்டி அவர் கண்ணில் பட்டது. "இது?"

"பழைய ஏர் கிளீனருங்க. எண்ணெச் சட்டி."

"போன மாசம் இதே மாதிரிச் சட்டியில ஒருத்தன் பிராந்தி ஊத்தி எடுத்தாந்தான்."

"வண்டி ஓடுச்சுங்களா?"

"அவனவிட நேரா ஓடுச்சு" என்றவர் சட்டிக்குள் விரலை விட்டு மோந்து பார்த்துவிட்டு, என் செய்தித்தாளில் துடைத்தார். போகச் சொல்வார் என்று பார்த்தால், "இன்னொரு வாட்டி எழுப்புங்க சார், கேக்கலாம்" என்றார். எழுப்பினேன். கண்ணை மூடிக் கேட்டார். நான் வாங்கியது சரியான பொருள்தான் என்பதற்கு அரசாங்கமே முத்திரை குத்திவிட்டதாக எனக்குப் பட்டது.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது, வார விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்: "ஏங்க, தெருவுல மாவு மில்லு எதுனா வந்திருச்சா?"

மறுநாள் மழை விட்ட காலையில், நான் மட்டும் தனியாக மேலுமலைக்குப் போனேன். வண்டி ஏறியது. இரண்டாவது கியரிலேயே ஏறியது. நம்பாமல் இறங்கி வந்து மறுபடி ஏறினேன். வண்டியில் நான் ஒருவன்தான் இருந்தேன் என்பதையும், மழைக் குளிர்ச்சியில் இன்ஜின் சூடாகவே இல்லை என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஏலக் கணக்கில் புலி, சொந்தக் கணக்கில் பூனை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

மேஸ்திரியின் பட்டறையில் அன்று ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் குளித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். என் காரும் மாலை போட்டுக்கொண்டு முன்னால் நின்றது. சாதாரணமாக ஸ்டியரிங்குக்கும் பானெட்டுக்கும் பொட்டு வைத்தால் முடிந்தது. ஆனால் அந்த வருடம் என் புதுச் சொத்து உள்ளே இருந்தது. பானெட்டைத் திறந்து வைத்தோம். மேஸ்திரி அதன் பாலிஷ் தட்டில் மூன்று விரலால் பட்டை போட்டார். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அம்மன் முகம் மாதிரி இருந்தது.

"வலைக்கும் வெய்யுங்க மேஸ்திரி. அதுதான பாடுபடுது" என்றேன்.

"கம்பியில நிக்காதுங்களே சார்."

"நல்லா அழுத்தி வெய்யுங்க, நிக்கும்."

கட்டை விரலால் வலை நெடுக அழுத்தி அழுத்தி வைத்தார். கடைக்காரர் எண்ணெய் தடவச் சொன்ன இடத்தில் நாங்கள் ஒரு பிடி திருநீறும் சந்தனமும் குங்குமமும் தடவினோம். அவரும் நானும் தனித்தனியாக அரைமுட்டாள்கள்தான். சேர்ந்ததால் முழுமை வந்தது. பூசணிக்காய் உடைத்தோம், எலுமிச்சம்பழம் நசுக்கினோம். பூஜை போட்ட வண்டியை அன்று எடுக்கக் கூடாது. வைத்த பொட்டை நாமாகத் துடைக்கவும் கூடாது, அது தானாக உதிர வேண்டும். இரண்டையும் நான் பக்தியோடு கடைப்பிடித்தேன். மறுநாள் வீட்டுக்கு ஓட்டி வரும்போது கார் இரண்டு முறை தும்மியது. புது மாலை வாசம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

பள்ளி திறக்கிற திங்கட்கிழமை வந்தது. நான் வழக்கத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து, ஏழு மணிக்கு வண்டியை எடுத்தேன். அதையே தியாகமாக நினைத்தேன். அவள் பை, குடை, டிபன் டப்பாவோடு ஏறினாள். காலடியில் வழக்கம் போல ஒரு கருங்கல். ஏற்றத்தில் கார் நின்றால் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க அவள் நிரந்தரமாக வைத்திருந்த கல் அது.

"அது இன்னிக்கு எதுக்கு?" என்றேன்.

"கெடக்கட்டும், சோறா கேக்குது?"

சமவெளியில் கார் உறுமிக்கொண்டு போனது. மேலுமலை அடியில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். இன்ஜின் பலமாக மூச்சை இழுத்தது. இழுத்த மூச்சு திரும்பவில்லை. ஒரு விக்கல், இன்னொரு விக்கல், பின்னால் கறுப்புப் புகை, பிறகு நிசப்தம். கார் பின்னால் நழுவத் தொடங்குமுன் அவள் இறங்கிக் கல்லை வைத்துவிட்டாள்.

பானெட்டைத் திறந்தேன். பட்டை இல்லை. குங்குமம் இல்லை. வலையில் சந்தனம் மட்டும் காய்ந்து, சுவரில் அப்பிய வரட்டி மாதிரி பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

"சாமி ஏத்துக்கிச்சுபோல" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பரீட்சை ஹாலில் நிற்கிற முகத்தோடு, "இங்க வெச்ச குங்குமம் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

நான் இன்ஜினைக் காட்டினேன். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

தக்காளிக் கூடை ஏற்றிய லாரி ஒன்று மெதுவாக ஏறி வந்தது. டிரைவர் தலையை நீட்டித் தெலுங்கில் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவளும் தெலுங்கிலேயே சுருக்கமாகச் சொன்னாள். என்ன சொன்னாளோ, அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். குடையை இடுக்கிக்கொண்டு லாரியில் ஏறப் போனவள் திரும்பி வந்து, டிபன் டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

"நீங்க சாப்டுங்க. உங்களுக்கு நேரமாவும்."

லாரி வளைவில் மறைந்த பிறகும் நான் டப்பாவைத் திறக்கவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் திறந்திருப்பேன்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். லாரி டிரைவர் மரியாதைக்காக கேட்டருகே இரண்டு முறை ஹாரன் அடித்திருக்கிறார். பள்ளிக்கூடம் முழுக்கத் திரும்பி, தலைமையாசிரியை தக்காளி லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறது.

நான் சொல்லி அனுப்பியதில் மத்தியானம் மேஸ்திரி பஸ்ஸில் வந்து இறங்கினார். காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்புரேட்டரைக் கழற்றினார். அதன் தொண்டை முழுக்கச் செக்கச் சிவப்பு. காற்றுப் போகிற சின்னச் சின்ன ஓட்டைகளில் திருநீறு அடைத்திருந்தது.

"சார், ரத்த வாந்தி எடுத்த மாதிரி இருக்குதுங்க" என்றார் மெல்ல. பிறகு, அழுக்குத் துணியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். சாமிக்கு வைத்ததை அதால் துடைக்கலாமா? இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு, பெட்ரோலால் கழுவி, கழுவின சிவப்புப் பெட்ரோலைக் கால் படாத இடமாகப் பார்த்து ஒரு புளியமரத்தடியில் ஊற்றினார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

பழைய எண்ணெய்ச் சட்டி மறுபடி மேலே ஏறியது. பளபளத் தட்டை மேஸ்திரி கேட்டு வாங்கிப் பட்டறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். ஆயுத பூஜைக்கு இப்போதும் அதற்குத்தான் முதல் பொட்டு. அங்கே அது யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை.

அந்த வார ஞாயிறு சாயந்திரம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளோடு நடந்தேன். இன்னொரு தவணை கேட்கலாமா என்று வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்:

"பேச்சு மாறக் கூடாதுன்னு சொல்லியிருக்கறேன்."

"மாறல."

"வண்டிக்கு மூச்சுப் பத்தலன்னீங்க. அதுக்கெல்லாம் பத்துது. உங்களுக்குத்தான் தூக்கம் பத்தல."

பஸ் கிளம்பிவிட்டது. நான் அங்கேயே ஒரு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். பெங்களூர்க் கடைக்காரர் சொன்ன மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். நான்காவதாக ஒன்றை அவள் ஜூன் மாதமே எடுத்து வைத்திருந்தாள். அதற்குப் பாலிஷ் இல்லை, சத்தம் இல்லை, அதனால் அது பொருளாகவே என் கண்ணில் படவில்லை. சீக்கிரம் எழ வேண்டாம் என்பதற்காகத்தான் நான் ஒரு இன்ஜினின் தலையெழுத்தையே மாற்றப் போனேன்.

அன்று ராத்திரி அலாரம் கடிகாரத்தைப் பித்தளைக் குண்டானுக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன். அது அடித்தபோது தெருவில் நாய்கள்கூட எழுந்தன, நானும் எழுந்தேன். முன்பு தனியாகப் போய் ஏமாந்த புத்தி வந்திருந்ததால், பின் சீட்டில் இரண்டு மணல் மூட்டை ஏற்றினேன். அவளுக்கும் அவள் பைக்கும் ஈடாக. எடையை அவளிடம் கேட்கிற தைரியம் இல்லாததால் உத்தேசமாகத்தான்.

மேலுமலையில் முதல் கியர். நிறுத்தி, கல் வைத்து, ரேடியேட்டர் ஆறும் வரை காத்திருந்து, மறுபடி முதல் கியர். எண்ணெய்ச் சட்டி வழியாக மூச்சு விடுகிற இன்ஜினுக்குச் சத்தமே இல்லை. புதரில் கவுதாரி கத்துவது கேட்டது. அந்த ரோட்டில் அத்தனை வருடம் போயிருக்கிறேன், கவுதாரி இருப்பது எனக்குத் தெரியாது. சூளகிரி தாண்டும்போது நன்றாக விடிந்திருந்தது.

பள்ளிக்கு எதிரே வேப்பமரத்தடியில் காரை நிறுத்தியபோது கேட்டைக்கூடத் திறக்கவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் காரைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். தக்காளி பற்றித்தான் இருக்கும். பிறகு அவள் அந்த இன்னொரு டீச்சரோடு குடை பிடித்து வந்தாள். என்னைப் பார்த்தாள். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். தோழியை முன்னால் போகச் சொல்லிவிட்டு, ரோட்டைக் கடந்து வந்து பின் சீட்டை எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன மூட்டை?"

"நீதான்."

உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டாள். தலைமையாசிரியைகள் ரோட்டில் சிரிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதோ என்னவோ. "மணலெல்லாம் சீட்ல கொட்டியிருக்குது, தொடச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்குள் போனாள். நான் துடைத்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது.

அடுத்த ஞாயிறு சாயந்திரம் ஓசூர் பஸ் கிளம்புகிற நேரத்தில் அவளுடைய பை ஆணியிலேயே தொங்கியது. நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். அவள் விடைத்தாள் கட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். பிறகு அலாரம் கடிகாரத்தை எடுத்து, சாவி முழுதாக ஏறும் வரை திருகி, அவளே குண்டானுக்குள் வைத்தாள்.

"ம், சொல்லுங்க. மண்டியில என்ன கத?" என்றாள்.